டிவியை மானிட்டராக்கும் முன்

கணினிக்குப் பெரிய திரை தேடி டிவி வாங்கப் போகிறவர்கள் அங்குலத்தில் மயங்கிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது எழுத்தின் தெளிவு. 43 அங்குல 4கே டிவியில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 102 புள்ளிகள் (பிக்சல்கள்); இவை நெருங்க நெருங்க எழுத்து தெளியும். 24 அங்குல ஃபுல் எச்டி மானிட்டரை விடவே சற்று நெருக்கம். 55 அங்குலமானால் அது 80 ஆகிவிடும். தள்ளி உட்கார்ந்து படம் பார்க்க அது தாராளம்; மேசையில் கணக்கு எழுத உதவாது. என்னைக் கேட்டால் மேசைக்கு 43தான் எல்லை.

கடைக்கு மடிக்கணினியையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கொண்டுபோங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். கறுப்புப் பின்னணியில் சிவப்பு, நீல நிறங்களில் சிறிய எழுத்துகளைத் திறந்து பாருங்கள். ஓரங்கள் கலங்கித் தெரிந்தால், பெரும்பாலும் டிவி நிறத் தகவலைக் குறைத்துக் காட்டுகிறது என்று பொருள். செட்டிங்ஸில் அந்த எச்டிஎம்ஐ இணைப்பின் பெயரை ‘பிசி’ என்று மாற்றினால் பல டிவிகளில் இது சரியாகிவிடும். மாற்றியும் தெளியவில்லையா, எவ்வளவு மலிவானாலும் அந்த டிவி வேண்டாம்.

மவுஸ் அம்பு தயங்கித் தயங்கி நகர்ந்தால் 4கே படம் நொடிக்கு 30 முறைதான் மாறுகிறதா என்று பாருங்கள், 60 வேண்டும். அதற்கு எச்டிஎம்ஐ 2.0 தேவை, பழைய 1.4 போதாது. டிவி செட்டிங்ஸில் உள்ள கேம் மோடையும் போட்டுவிடுங்கள், மவுஸ் அசைவு திரையில் தெரிவதில் உள்ள தாமதம் குறையும்.

ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரை அழகுதான். ஆனால் நாள் முழுக்க ஒரே இடத்தில் நிற்கும் டாஸ்க்பார் அதில் நிரந்தரத் தழும்பாகப் பதியக்கூடும். அலுவலக வேலைக்கு எல்இடியே போதும்.