ஒன்டாரியோ ஏரியில் சால்மனும் ட்ரவுட்டும்: வெறுங்கையோடு திரும்ப வைக்கும் தவறுகள்

போன வாரம் மீன் கிடைத்த இடத்துக்கே இந்த வாரமும் போய் நிற்பதுதான், கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவே கிடக்கும் ஒன்டாரியோ ஏரியில் நான் அதிகம் பார்த்த தவறு. ஜிபிஎஸ்ஸில் புள்ளி குறித்து வைத்திருப்பார்கள். அதே ஆழம், படகின் பின்னால் இழுக்கும் அதே ஸ்பூன் (மீன் போல மினுங்கும் உலோகத் தகடு இரை), அதே விடிகாலை. நாலு மணி நேரம் சுற்றிவிட்டு "இன்றைக்கு மீன் கடிக்கவே இல்லை" என்று கரைக்கு வருவார்கள். கடிக்க அங்கே மீன் இருந்திருந்தால்தானே!

குளத்திலும் சின்ன ஏரியிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. அங்கே ஒரு பாறை, ஒரு நீர்ச்செடிப் புதர், விழுந்து கிடக்கும் மரம் என்று இடத்தை நம்பலாம். இந்த ஏரியோ சுமார் 19,000 சதுர கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 244 மீட்டர். நடு ஏரியில் திரியும் சினூக் சால்மனுக்கு வீடு வாசல் எதுவும் கிடையாது. ஏல்வைஃப் என்ற, ஹெர்ரிங் குடும்பத்துச் சிறு மீன்தான் அதன் சாப்பாடு. அந்தக் கூட்டம் போகும் இடமும் தன் உடம்புக்கு ஒத்துவரும் குளிர்ச்சியும் எங்கே சேர்கின்றனவோ அங்கே இருக்கும். நாளைக்கு வேறிடம்.

சினூக்குக்கு ஏறக்குறைய 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் தண்ணீர் பிடிக்கும். லேக் ட்ரவுட்டுக்கு இன்னும் கொஞ்சம் குளிர வேண்டும், 7 முதல் 10 வரை. பிரவுன் ட்ரவுட் 14, 15, 16 டிகிரியிலும் சௌகரியமாக மேயும். ஸ்டீல்ஹெட் என்கிற ஏரி ரெயின்போ ட்ரவுட்டும் மிதமான தண்ணீரையே விரும்பும், அதுவும் மேல்மட்டத்தில். எந்த மீனைத் தேடுகிறோம் என்று முடிவு செய்யாமல் எல்லா ராடுகளையும் ஒரே ஆழத்தில் இறக்குகிறவர்கள், தங்களுக்குத் தெரியாமலே பாதி மீன்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுகிறார்கள்.

காற்றைக் கவனிக்காதது

கோடையில் ஏரி அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மேலே 20 டிகிரியைத் தொடும் இளஞ்சூடான தண்ணீர், அடியில் 4, 5 டிகிரிக் குளிர். இரண்டுக்கும் நடுவே சில அடிகளுக்குள் வெப்பம் மளமளவென்று இறங்கும் ஓர் அடுக்கு இருக்கிறது; தெர்மோக்லைன் என்பது அதுதான். சால்மன் பெரும்பாலும் இதை ஒட்டியே நிற்கும். இதுவரை பலருக்கும் தெரியும். இந்த அடுக்கு ஓர் இரவுக்குள் ஐம்பது அடி மேலே வரலாம், கீழேயும் போகலாம் என்பதைத்தான் மறந்துவிடுகிறார்கள்.

காரணம் காற்று. பூமி சுழல்வதால் காற்று தள்ளும் மேல்தண்ணீர் நேராகப் போகாமல், வட கோளத்தில், வலப்பக்கம் ஒதுங்கும். மேற்குக் காற்று இரண்டு மூன்று நாள் விடாமல் அடித்தால் சூடான தண்ணீர் தெற்கே, நியூயார்க் கரைப் பக்கம் நகர்ந்துவிடும். அந்தக் காலி இடத்தை நிரப்ப வடகரையில், அதாவது டொராண்டோ பக்கம், அடிக்குளிர் மேலே ஏறி வரும். கிழக்குக் காற்று என்றால் இதற்கு நேர்மாறு. நேற்று கால் நனைத்து விளையாடிய ஏரிக்கரையில் இன்று கால் வைக்க முடியாமல் போவது இதனால்தான்.

ஓர் ஆகஸ்ட் காலை நானும் இதில் மாட்டினேன். முந்தைய பயணத்தில் 90 அடியில் மூன்று சினூக் கிடைத்திருந்தன. அதே நினைப்பில் டவுன்ரிக்கர் குண்டை, அதாவது இரையை ஆழத்தில் நிறுத்தக் கம்பியில் தொங்கவிடும் எடையை, 90 அடிக்கு இறக்கி, விடியும் நேரம் முழுவதையும் உழுதே கழித்தேன். வெப்பமானியைப் பார்க்க வேண்டும் என்று தோன்றியதே எட்டு மணிக்கு மேல்தான். 90 அடியில் 6 டிகிரி. குண்டை மெதுவாக மேலே இழுத்துக்கொண்டே வந்தேன்: 7, 7, 8, 10. பன்னிரண்டு டிகிரி 40 அடியிலேயே உட்கார்ந்திருந்தது. இரண்டு நாளாக மேற்குக் காற்று அடித்தது எனக்கும் தெரியும்; தெரிந்தும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதற்கென்றே குண்டோடு சேர்த்து இறக்கும் வெப்ப உணரி உண்டு. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை. ஒலியலையால் ஆழத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டரின் உணர்திறனைக் கூட்டி வைத்தால் தெர்மோக்லைன் மங்கலான பட்டை போலத் திரையில் தெரியும். மூன்று நாள் காற்றுத் திசையை முந்தைய இரவே பார்த்து வைப்பதற்குச் செலவே கிடையாது.

வசந்தத்தில் தலைகீழ்

ஏப்ரலில் ஆழத்துக்குப் போவது வீண் அலைச்சல். தண்ணீர் 4 டிகிரியில்தான் மிகவும் கனமாக இருக்கும். பனிக்காலம் முடிந்த ஏரியில் நடுப்பகுதி அதையொட்டியே மே வரை கிடக்கும். கரையோரம் மட்டும் வெயிலில் முதலில் சூடேறும். ஓடை வந்து கலக்கும் இடத்தில் இன்னும் ஓரிரு டிகிரி கூடும். பிரவுன் ட்ரவுட் அந்த ஓரிரு டிகிரிக்காகவே 5 முதல் 15 அடித் தண்ணீருக்கு வந்துவிடும். மழைக்குப் பிறகு ஓடையின் கலங்கல் நீரும் ஏரியின் தெளிந்த நீரும் சந்திக்கும் கோடு கண்ணுக்கே தெரியும். அந்தக் கோட்டின் ஓரமாகப் போனால் போதும்.

போகிற விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பத்தடித் தண்ணீரில் படகு தலைக்கு மேலே போனால் எந்த மீனும் நிற்காது. ஸீப்ரா, குவாகா சிப்பிகள் பரவிய பிறகு இந்த ஏரித் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. மீனுக்குப் படகும் தெரியும், தடித்த நரம்பும் (தூண்டில் கயிறு) தெரியும். பக்கப் பலகைகள் (நரம்பைப் படகின் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் மிதவைகள்) போட்டு இரையைப் படகிலிருந்து வெகுதூரம் ஒதுக்க வேண்டும், இரைக்கும் பலகைக்கும் நடுவே நூறடி நரம்பாவது விட வேண்டும், முனையில் தண்ணீரில் எளிதில் தெரியாத மெல்லிய ஃபுளூரோகார்பன் நரம்பு கட்ட வேண்டும். சின்ன ஸ்பூன், மெதுவான ஓட்டம்.

வேகத்தை மேலே மட்டும் பார்ப்பது

வெப்பத்துக்கு அடுத்து, என்னைக் கேட்டால், வேகம்தான். இதில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள். ஜிபிஎஸ் மணிக்கு 2.4 மைல் என்று காட்டும். அது படகின் வேகம். எண்பதடி ஆழத்தில் வேறொரு நீரோட்டம் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தால் உங்கள் ஸ்பூன் அங்கே 3 மைல் வேகத்தில் பைத்தியம் பிடித்தது போலச் சுழலும். படகைத் திருப்பி அதே வழியில் வந்தால் அதே ஸ்பூன் செத்த இலை போலத் தொங்கும். கிழக்கே போகும்போது மூன்று கடி, மேற்கே வரும்போது ஒன்றுமில்லை என்றால் அதை ராசி என்று சொல்லாதீர்கள்.

ஆழத்தில் வேகம் காட்டும் உணரி இல்லாதவர்கள் டவுன்ரிக்கர் கம்பியைப் பார்க்கலாம். வழக்கத்தை விடப் பின்னால் சாய்ந்திருந்தால் கீழே எதிரோட்டம்; நேராகத் தொங்கினால் ஓட்டம் கூடவே வருகிறது. அந்தச் சாய்வே இன்னொரு கணக்கையும் கெடுக்கும்: கம்பி 100 அடி இறங்கியிருப்பதாக எண் காட்டும், குண்டு அதைவிட மேலேதான் இருக்கும். எடை குறைந்த குண்டு என்றால் வித்தியாசம் இன்னும் அதிகம்.

ஓயாமல் நேர்கோட்டில் ஓட்டாதீர்கள். வளையும்போது வெளிப்பக்க இரைகள் வேகம் எடுக்கும், உட்பக்கத்தவை தளர்ந்து இறங்கும். கடி எந்தப் பக்க ராடில் விழுந்தது என்று பார்த்தால் வேகத்தைக் கூட்டவா குறைக்கவா என்பதற்கு மீனே பதில் சொல்லிவிடும். அப்புறம், எந்த இரையையும் இறக்குவதற்கு முன் படகோரத்தில் பத்து வினாடி இழுத்துப் பாருங்கள். மேலே நெளியாத ஸ்பூன் ஆழத்திலும் நெளியாது.

நரம்பு, டிராக், கைவலை

ஜூலை, ஆகஸ்டில் நரம்பை மேலே இழுக்கும்போது ஈரப் பஞ்சைச் சுற்றிவைத்தது போல ஒன்று ராடு முனையில் வந்து அடைக்கும். தொட்டால் கொழகொழவென்று இருக்கும். வெளியிலிருந்து வந்து இங்கே பரவிய, முள்வால் கொண்ட நீர்த்தெள்ளு அது. ஒவ்வொன்றும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஆயிரக்கணக்கில் நரம்பில் கோத்துக்கொண்டால் ரீல் சுற்றாது. முனை வளையத்தில் அது அடைத்து நிற்கும் நேரத்தில்தான் பெரிய மீன் இருபதடித் தூரத்தில் இருக்கும். மெல்லிய நரம்பில் இது அதிகமாக ஒட்டும். அதனால் வசந்தத்து நரம்பையே கோடையிலும் வைத்திருக்காமல் 30 பவுண்டு நைலானுக்கு மாறுவது நல்லது. ஆழத்தில் வெளிச்சம் குறைவு, தடிப்பு அங்கே அவ்வளவு உறுத்தாது. வேறு ஏரிக்குப் போகிறீர்கள் என்றால் படகையும் நரம்பையும் கழுவிக் காயவைத்து எடுத்துப் போங்கள்.

டிராக்கை, அதாவது நரம்பு உருவிப் போவதைத் தடுக்கும் ரீலின் பிரேக்கை, இறுக்கி வைப்பது புதியவர்களின் கைப்பழக்கம். நல்ல சினூக் முதல் ஓட்டத்திலேயே இருநூறு அடி நரம்பை உருவிக்கொண்டு போகும். போகட்டும். அந்த நேரத்தில் ரீலைக் கையால் அமுக்கினால் முடிச்சோ முள்ளோ, எது பலவீனமோ அது போய்விடும். படகையும் சட்டென்று நிறுத்தக் கூடாது: நரம்பு தளரும், மற்ற ராடுகளின் இரைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கைவலையை மீனின் வால் பக்கமிருந்து கொண்டுவருகிறவர்கள் அந்த ஒரு வினாடியில் மீனை முன்னால் துரத்துகிறார்கள். தலை பக்கமிருந்துதான் வலை வர வேண்டும்.

விட்டுவிடப் போகும் மீன் என்றால் கோடையில் இரட்டைக் கவனம் வேண்டும். 60 அடிக் குளிரிலிருந்து 22 டிகிரித் தண்ணீருக்கு இழுத்து வந்து, களைத்துப் போன மீனைப் படம் எடுக்கத் தூக்கிப் பிடித்துவிட்டு விட்டால் அது நீந்திப் போவது போலத் தோன்றும். பிழைக்குமா என்பது வேறு கதை. அந்த மாதங்களில் தேவையான அளவு கிடைத்ததும் நிறுத்திக்கொள்வதுதான் சரி.

ஆற்று வாயில், ஆற்றுக்குள்

ஆகஸ்ட் கடைசியில் முதிர்ந்த சினூக்குகள் தாங்கள் புறப்பட்ட ஆறுகளின் வாய்க்குத் திரும்பும். வடகரையில் கிரெடிட், கனராஸ்கா. அமெரிக்கப் பக்கம் புலாஸ்கி ஊர் வழியே ஓடும் சால்மன் ஆறு. இந்த மீன்களுக்குப் பசி அடங்கிப் போயிருக்கும். கோடையில் வேலை செய்த சின்ன ஸ்பூன்களை இங்கே மணிக்கணக்காக இழுப்பதில் பயனில்லை. எரிச்சலூட்டும் பெரிய, பளிச்சென்ற இரைதான் இவற்றைத் திரும்பிப் பார்க்க வைக்கும், அதுவும் சூரியன் முழுதாக எழும் முன்.

ஆற்றுக்குள் ஏறிய மீனை உடம்பில் முள் மாட்டி இழுப்பது இரண்டு நாட்டிலும் சட்டவிரோதம். தவறி மாட்டினாலும் விட்டுவிட வேண்டும். ஆறுகளில் எந்தப் பகுதி எப்போது மூடியிருக்கும் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும், ஆண்டுக்கு ஆண்டும் மாறலாம். அந்த ஆண்டின் விதித்தொகுப்பைத்தான் நம்ப வேண்டும், பக்கத்தில் நிற்பவரை அல்ல. ஏரி நடுவே நாட்டு எல்லை போகிறது. ஒன்டாரியோ உரிமத்தோடு நியூயார்க் தண்ணீரில் தூண்டில் போட முடியாது.

நடக்கும்போது காலடியையும் பாருங்கள். பாசி படிந்த கூழாங்கற்களுக்கு நடுவே, துடைத்து வைத்தது போல வெளிறிய ஒரு திட்டு தெரிந்தால் அது முட்டைக்குழி. மீனைக் காணவில்லை என்று அதன் மேல் நடந்து போகிறவர்கள் கல்லுக்கடியில் இருக்கும் முட்டைகளை மிதிக்கிறார்கள்.

தண்ணீரின் குளிர்

மே மாதம் கரையில் 22 டிகிரி வெயில், எல்லாரும் டி-ஷர்ட். ஏரியோ 5 டிகிரி. விழுந்தால் என்ன ஆகும் என்பதற்குக் குளிர்நீர்ப் பயிற்சிகளில் 1-10-1 என்று சொல்வார்கள்: மூச்சிரைப்பு அடங்க 1 நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்பச் சுமார் 1 மணி நேரம். மிதவைச் சட்டை உடம்பில் இல்லாவிட்டால் முதல் நிமிடத்தையே தாண்ட முடியாமல் போகலாம். இருக்கைக்கு அடியில் மடித்து வைத்த சட்டையைப் பத்து நிமிடக் கையால் போட்டுக்கொள்ள முடியாது. நியூயார்க்கில் நவம்பர் 1 முதல் மே 1 வரை 21 அடிக்குக் குறைந்த படகில் அதை அணிந்தே இருக்க வேண்டும் என்பது சட்டம்.

இன்னொரு பொறி: வடகரையில் வடக்குக் காற்று அடிக்கும் நாள். கரையோரம் தண்ணீர் பாய் விரித்தது போல இருக்கும். ஐந்தாறு மைல் உள்ளே போன பிறகுதான் அலை தெரியும். திரும்பி வரும்போது அது முழுக்க முகத்தில் அடிக்கும்.

பிடித்த பிறகு

செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டு உடனே ஐஸ் தண்ணீரில் போடாத மீன், வீடு வருவதற்குள் குழைந்துவிடும். வெயிலில் வாளியில் கிடந்த சினூக்கை யார் சமைத்தாலும் தேறாது.

இந்த ஏரியின் பெரிய மீன்களில் பிசிபி போன்ற தொழிற்சாலை வேதிப்பொருள்கள் கொழுப்பில் தங்கியிருக்கின்றன. பெரிய மீன், வயதான மீன், கொழுப்பான மீன் என்றால் அதிகம். லேக் ட்ரவுட்டில் இந்த மூன்றும் ஒன்றாக அமைவதுண்டு. தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் பக்கவாட்டில் ஓடும் கருஞ்சதையையும் நீக்கி, கொழுப்பு வடியும்படி சுட்டால் ஓரளவு குறையும். பாதரசம் சதையிலேயே இருப்பதால் அதை அப்படி நீக்க முடியாது. மாதத்துக்கு எத்தனை வேளை சாப்பிடலாம் என்று ஒன்டாரியோ அரசு மீன் வகை வாரியாக, பகுதி வாரியாக, நீளம் வாரியாக வெளியிடுகிறது. குழந்தைகளுக்கும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கும் தனி அளவு. அந்த அட்டவணை நீளத்தைக் கேட்கும் என்பதால், துண்டு போடும் முன் மீனை அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.