மெய்மை அட்டவணை: அம்புக்குறியில் தடுக்காமல் போடுவது எப்படி?

ஒரு வாய்பாடு எந்தெந்த நிலையில் மெய், எதில் பொய் என்று வரிசை வரிசையாகக் காட்டுவதே மெய்மை அட்டவணை. ¬ (இல்லை), ∧ (மற்றும்), ∨ (அல்லது) மூன்றும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். தகராறு எல்லாம் → (‘இது என்றால் அது’ என்னும் அம்புக்குறி) வந்த பிறகுதான்.

எடுத்துக்கொள்ளும் வாய்பாடு (ப, ம ஒவ்வொன்றும் மெய்யாகவோ பொய்யாகவோ இருக்கும் ஒரு வாக்கியம்): ((ப → ம) ∧ ம) → ப

1. எழுத்துகளை எண்ணுங்கள். இரண்டு எழுத்துக்கு 4 வரிசை, மூன்றுக்கு 8, நான்குக்கு 16. கடைசி எழுத்தின் கீழ் 1, 0, 1, 0. அதற்கு முந்தையதில் 1, 1, 0, 0. இந்த ஒழுங்கு குலைந்தால் ஏதாவது ஒரு வரிசை விடுபடும். மெய், பொய் என்று எழுதுவதைவிட 1, 0 போடுவதே மேல். கட்டம் போட்ட நோட்டும் பென்சிலும் போதும்.

2. உள் அடைப்பிலிருந்து வெளியே வாருங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பத்தி.

ப ம | ப→ம | (ப→ம)∧ம | முழுதும்
1 1 | 1 | 1 | 1
1 0 | 0 | 0 | 1
0 1 | 1 | 1 | 0
0 0 | 1 | 0 | 1

ப பொய்யாக இருக்கும்போது ப→ம எப்படி 1? “பாஸானால் சைக்கிள் வாங்கித் தருகிறேன்” என்கிறார் அப்பா. பையன் ஃபெயில், சைக்கிள் வந்தாலும் வராவிட்டாலும் அப்பா சொன்ன சொல் தவறவில்லை. பாஸாகியும் சைக்கிள் வராத அந்த ஒரு வரிசையில்தான் 0. காரண காரியம் பற்றி அம்புக்குறி எதுவும் சொல்வதில்லை. அதைத் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். எக்செலில் போடுகிறவர்களுக்கு ஒரு குறுக்குவழி: → என்பது வெறும் ≤. இடது எண் வலது எண்ணைவிடப் பெரிதானால் மட்டும் 0.

3. கடைசிப் பத்தியைப் படியுங்கள். எல்லாம் 1 என்றால் மெய்மம், எல்லாம் 0 என்றால் முரண்பாடு. இங்கே மூன்றாம் வரிசை 0, எனவே இரண்டும் இல்லை. ப-வை ‘மழை பெய்தது’ என்றும் ம-வை ‘தரை நனைந்திருக்கிறது’ என்றும் படித்தால் அந்த வரிசை கண்ணில் தெரியும்: மழை இல்லை, யாரோ வாசல் தெளித்திருக்கிறார்கள்.

“மட்டுமே” வந்தால் உஷார். “பாஸானால் மட்டுமே சைக்கிள்” என்பது சைக்கிள் → பாஸ். அம்பு திரும்பிவிடுகிறது; பாஸானவனுக்கு நிச்சயம் கிடைக்கும் என்ற உறுதி அதில் இல்லை.

பின்சேர்க்கை: ப → ம → வ என்று அடைப்பு இல்லாமல் எழுதாதீர்கள். மூன்றும் 0 என்றால் (ப → ம) → வ 0 தரும், ப → (ம → வ) 1 தரும். வலப்பக்கமாகச் சேர்த்துப் படிக்கும் வழக்கம் உண்டு என்றாலும், ஒரு ஜோடி அடைப்புக்குறி போடக் கஞ்சத்தனம் எதற்கு?