தெரபி அறையில் மென்மையான அசைவு: புதிதாகத் தொடங்கும் தெரபிஸ்டுகளுக்கு ஒரு செய்முறை

எதிரே இருப்பவர் தன் அண்ணனைப் பற்றிப் பேசுகிறார். குரல் சாதாரணமாகத்தான் இருக்கிறது. ஆனால் தோள்கள் மேலே ஏறியிருக்கின்றன, வலது கை நாற்காலி விளிம்பை இறுகப் பிடித்திருக்கிறது. "அதெல்லாம் பழைய கதைங்க, இப்ப ஒண்ணுமில்ல" என்கிறார். கை மட்டும் பிடியை விடவில்லை.

இந்த மாதிரி நேரத்தில் மேலும் மேலும் கேள்வி கேட்பதைவிட, கவனத்தோடு செய்யும் ஒரு சின்ன அசைவு உதவும். 1979-இல் ஜான் கபாட்-ஜின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியில், தியானத்தோடு மென்மையான யோகாவும் ஒரு பகுதி. 2014-இல் வெளியான, மனநல மருத்துவர் பெசல் வான் டெர் கோல்க் குழுவினரின் ஆய்வில், சிகிச்சைக்கு எளிதில் இணங்காத மன அதிர்ச்சிப் பாதிப்புள்ள (PTSD) 64 பெண்கள் பங்கேற்றார்கள். பத்து வார யோகாவுக்குப் பிறகு, யோகா செய்தவர்களுக்கு, செய்யாத குழுவைவிட அறிகுறிகள் கூடுதலாகக் குறைந்திருந்தன. நாம் இங்கே செய்யப்போவது அதைவிடச் சிறியது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே முடிந்துவிடும்.

தொடங்கும் முன்

முதலில் இரண்டு வாரம் நீங்களே தினமும் செய்து பாருங்கள். உங்கள் கையில் தெரியாத ஒன்றை இன்னொருவரிடம் கேட்க முடியாது.

அப்புறம் வருபவரிடம் மூட்டு வலி, அறுவை சிகிச்சை, கர்ப்பம், தலைசுற்றல் பற்றிக் கேளுங்கள். சந்தேகம் இருந்தால் அவருடைய மருத்துவரின் கருத்து வேண்டும். என்ன செய்யப்போகிறோம், எதற்காக என்று சொல்லிச் சம்மதம் வாங்குங்கள். தொட்டுத் திருத்த வேண்டாம். தற்கொலை எண்ணம் தீவிரமாக இருப்பவர், நடப்பு உலகத்தோடு தொடர்பு அறுந்த நிலையில் இருப்பவர் என்றால் இது அதற்கான நேரமில்லை. உங்கள் மேற்பார்வையாளரிடம் பேசுங்கள்.

படி 1: பாதம்

இரண்டு பாதங்களும் தரையில் படட்டும். ஒரு குதிகாலைத் தரையில் லேசாக அழுத்தித் தளர்த்தச் சொல்லுங்கள், பிறகு மற்றதை. கண்கள் திறந்தே இருக்கலாம். ஆரம்ப நாட்களில் நான் ஒருவரிடம் "கண்ணை மூடி மூச்சைக் கவனிங்க" என்றேன். அரை நிமிடத்தில் அவர் கைகள் நடுங்கத் தொடங்கிவிட்டன. கண்ணை மூடினால் அவர் எங்கே போய் நிற்பார் என்று நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து பாதத்தில்தான் தொடங்குகிறேன். மூச்சைப் பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை; பதற்றம் உள்ள சிலருக்கு மூச்சைக் கவனிப்பதே பதற்றத்தைக் கூட்டும்.

படி 2: கை

நிதானமாகச் செய்ய வேண்டிய இடம் இதுதான். ஒரு கையை மடியில் வைத்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக மடக்கச் சொல்லுங்கள். பாதி பலம்கூட வேண்டாம். சற்று நேரம் அப்படியே இருக்கட்டும். பிறகு, மூடியதைவிட மெதுவாகத் திறக்க வேண்டும். நகம் பதிந்த இடம், உள்ளங்கையில் காற்று படுவது, விரல் நுனியில் குறுகுறுப்பு என்று ஏதாவது தெரியலாம். இப்போது அசைத்த கையையும் அசைக்காத கையையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கையைத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. தொடுவுணர்வுக்கான மூளைப் பகுதியில் கைகளுக்கும் உதடுகளுக்கும் மிகப் பெரிய இடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. "உடம்புல எனக்கு ஒண்ணுமே தெரியாதுங்க" என்பவருக்கும் கையில் ஏதாவது தெரிய வாய்ப்பு அதிகம்.

சொல்லும் விதம் முக்கியம். "செய்யுங்க" என்பதைவிட, "விருப்பம் இருந்தா செஞ்சு பாக்கலாம், பாதியில நிறுத்தினாலும் சரிதான்" என்று சொல்லுங்கள். தன் உடலைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை பறிபோனவர்களுக்கு, நிறுத்த முடிகிறது என்பதே ஒரு புது அனுபவம். என்னைக் கேட்டால், அசைவைவிட இதற்குத்தான் மதிப்பு அதிகம்.

படி 3: கேள்வி

"எப்படி இருக்கு?" என்றால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். "எந்த இடம் முதல்ல தெரிஞ்சது? சூடா, குளிர்ச்சியா, ரெண்டும் இல்லையா?" என்று கேளுங்கள். "தெரியல" என்றால் அதுவும் பதில்தான், துருவ வேண்டாம். "கோபத்தை அடக்கி வெச்சிருக்கீங்க" என்று விளக்கம் சொல்ல நாக்கு துறுதுறுக்கும். சொல்லிவிட்டால் அவர் தன் கையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

பார்வை எங்கோ நிலைகுத்திப் போனாலோ, பேச்சு நின்றாலோ, மூச்சு வேகமானாலோ உடனே நிறுத்துங்கள். மனநல மருத்துவர் டான் சீகல் 'தாங்கும் எல்லை' என்று சொன்னது, ஒருவரால் உணர்வைத் தாங்க முடிகிற அளவைத்தான்: அதற்கு மேலே போனால் கொந்தளிப்பு, கீழே போனால் மரத்துப்போதல். அறையில் உள்ள பொருட்களின் நிறத்தைச் சொல்லச் சொல்லி, பாதத்துக்குத் திரும்புங்கள்.

படி 4: மறுபடியும் பேச்சு

சில வாரம் பழகிய பிறகு, அந்த நாற்காலி விளிம்புக்கு வரலாம். "அண்ணனைப் பத்திப் பேசும்போது இந்தக் கை இறுகிச்சு. அதையே மெதுவா ஒரு தடவை செஞ்சு பாக்கலாமா, இல்ல இன்னைக்கு வேண்டாமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரி என்றால், இறுக்கும்போது என்ன வருகிறது, தளர்த்தும்போது என்ன வருகிறது என்று கேட்டால் போதும். தள்ளுவது, எதிர்ப்பது போன்ற பெரிய அசைவுகளுக்குத் தனிப் பயிற்சி வேண்டும். அதுவரை அவற்றில் இறங்காதீர்கள்.

படி 5: முடிப்பது

கடைசிப் பத்து நிமிடம் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம். மெதுவாக எழச் சொல்லுங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றலாம். அவர் போன பிறகு, அவர் சொன்ன வார்த்தையை அப்படியே குறித்து வையுங்கள். "கை நம்ம கை மாதிரி இல்ல" என்றாரா, அதையே எழுதுங்கள். அடுத்த வாரம் அந்த வார்த்தையிலிருந்தே தொடங்கலாம்.