டிரில் வாங்குமுன் பேட்டரியைப் பாருங்கள்

வெளிநாட்டுக்கு வந்து வாடகை வீட்டில் குடியேறுபவர்கள் சுவரில் துளையிட உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, அந்த இடத்துக்குப் பின்னால் மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ ஓடவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அதற்குப் பிறகுதான் பேட்டரியில் ஓடும் கம்பியில்லா டிரில்லை, அதாவது துளையிடும் கருவியை, தேட வேண்டும்.

திரைச்சீலைக் கம்பி மாட்டுவதற்காக, மற்றவற்றில் பாதி விலைக்குக் கிடைத்த 18 வோல்ட் டிரில் ஒன்றை நான் வாங்கி வந்தேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே பேட்டரியும் இல்லை, சார்ஜரும் இல்லை. ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த 'டூல் ஒன்லி' என்ற குறிப்புக்கு, அதே நிறுவனத்தின் பேட்டரியை ஏற்கெனவே வைத்திருப்பவருக்கான விற்பனை என்று பொருள். 'பேர் டூல்' என்று போட்டிருந்தாலும் அதே பொருள்தான். அது புரியாமல், 18 வோல்ட் எல்லாம் ஒன்றுதானே என்று வேறொரு நிறுவனத்தின் பேட்டரியை வாங்கினேன். அது டிரில்லில் பொருந்தவே இல்லை. பொதுவாக ஒவ்வொரு நிறுவனமும் தன் பேட்டரிக்குத் தனி வடிவம் வைத்திருக்கிறது. கடைசியில் சரியான பேட்டரியும் சார்ஜரும் வாங்கி முடித்தபோது, முழுத் தொகுப்பின் விலையைத் தாண்டிச் செலவாகியிருந்தது. வந்த புதிதில் எண்ணி எண்ணிச் செலவழித்த பணம் என்பதால் இன்றும் வயிறு எரிகிறது.

ஆகவே முதலில் பேட்டரியைத் தேர்ந்தெடுங்கள். பின்னாளில் அதே நிறுவனத்தின் அதே பேட்டரி வரிசையில் வாங்கும் ரம்பமும் விளக்கும் அதே பேட்டரியில் ஓடும். '20 வோல்ட் மேக்ஸ்' என்று எழுதியிருப்பதைப் பார்த்து, 18 வோல்ட்டைவிட வலுவானது என்று கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். இரண்டிலும் 3.6 வோல்ட் செல்கள் ஐந்து தொடராக இணைந்திருக்கின்றன; முழுதாகச் சார்ஜ் ஏறியதும் ஒவ்வொன்றும் சுமார் 4 வோல்ட் காட்டுவதால், அந்தக் கணக்கை 20 என்று எழுதுகிறார்கள்.

அலமாரியின் பாகங்களைப் பொருத்துவதற்கும் மரத்தில் திருகு ஏற்றுவதற்கும் 12 வோல்ட் டிரில்லே போதும், கையும் வலிக்காது. செங்கல் சுவருக்கு ஹேமர் வசதியுள்ள, அதாவது சுழலும்போதே சுத்தியல்போல் தட்டும் 18 வோல்ட் டிரில்லும், கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளாலான முனையுள்ள பிட்டும் (துளையிடும் கம்பி) வேண்டும். ஆனால் செங்கல் சுவரிலேயே பழகிய நாம், ஜிப்சம் பலகைச் சுவரிலும் ஹேமரை ஓட்டிவிடுகிறோம். பலகை உடைந்து துளை பெரிதாகி, திருகு நிற்காமல் போகிறது. அங்கே ஹேமரை அணைத்துவிட்டு, கனமான பொருளென்றால் பலகைக்குப் பின்னாலுள்ள சட்டத்தைத் தேடி அதில் திருகுங்கள்.

ஊரிலிருந்து டிரில் கொண்டு வருபவர்கள், தனியாக எடுத்துவரும் பேட்டரியைக் கைப்பையில்தான் வைக்க வேண்டும். விமான நிறுவனத்தின் அனுமதி கேட்காமல் கொண்டுவரக்கூடிய பொதுவான வரம்பு 100 வாட்-மணி. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரி 90 வாட்-மணி (18 × 5) என்பதால் அதற்குள் அடங்கும். சார்ஜரின் அடியில் 220–240 வோல்ட் என்று மட்டும் இருந்தால், 120 வோல்ட் மின்சாரம் உள்ள நாட்டுக்கு அதைச் சுமந்து வராதீர்கள். பிளக்கை மாற்றும் அடாப்டர் வோல்ட்டை மாற்றாது.