ரெட் டாட் சைட்: முதலில் ஸ்க்ரூ, பிறகு கிளிக்

பிஸ்டலில் ரெட் டாட் (குறிபார்க்க ஒளிப்புள்ளி காட்டும் சைட்) போட்ட பலரும் முதல் மாதத்திலேயே சொல்லும் குறை ஒன்று உண்டு: "எத்தனை தடவை செட் பண்ணினாலும் ஜீரோ நிற்க மாட்டேங்குது." ஜீரோ என்றால் புள்ளி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி செய்த அமைப்பு. பெரும்பாலும் கோளாறு சைட்டுக்குள் இருப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவில்தான் இருக்கிறது.

வாங்கும்போதே இதைக் கவனிக்க வேண்டும். ஸ்லைடில் (சுடும்போது முன்பின் நகரும் பிஸ்டலின் மேல்பகுதியில்) வெட்டியிருக்கும் பள்ளம் எந்த சைட்டின் அடிப்பாகத்துக்கு உரியது என்று பாருங்கள். ஆர்எம்ஆர், ஆர்எம்எஸ்சி, டெல்டாபாயின்ட் புரோ, ஆக்ரோ என்று ஒவ்வொன்றுக்கும் அடிப்பாகம் வேறு. பொருந்தாவிட்டால் நடுவே அடாப்டர் பிளேட் வைக்க வேண்டிவரும். பிளேட் வந்தால் உயரம் கூடும், தளர்வதற்கு இன்னொரு இடமும் சேரும். நேரடியாக உட்காரும் சைட் கிடைத்தால் அதையே எடுங்கள்.

புள்ளியின் அளவு எம்ஓஏ (ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்கு கோணம்) கணக்கில் வரும். 25 மீட்டரில் 1 எம்ஓஏ என்பது சுமார் 7 மி.மீ. அதே தூரத்தில் 3 எம்ஓஏ புள்ளி 22 மி.மீ. இடத்தை மறைக்கும், 6 எம்ஓஏ புள்ளி 44 மி.மீ. நிதானமாகக் குறிபார்த்துச் சுட சிறியது, வேகப் போட்டிக்குப் பெரியது. ஆனால் ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேச துப்பாக்கி சுடும் விளையாட்டுக் கூட்டமைப்பு) பிஸ்டல் போட்டிகளில் ஒளியியல் சைட்டுக்கே அனுமதி இல்லை. போட்டிக்காக வாங்குபவர்கள் பணம் கட்டும் முன் விதியைப் படித்துவிடுங்கள்.

திறந்த வகை சைட்டில் சிறு விளக்கு வெளியே தெரியும்படி இருக்கும். அதன்மேல் ஒரு மழைத்துளியோ பஞ்சு இழையோ விழுந்தால் போதும், புள்ளி சிதறும் அல்லது மறையும். மூடிய வகையில் இந்தத் தொல்லை இல்லை. தூசியிலும் ஈரத்திலும் பழகுபவர்கள் எடை கொஞ்சம் கூடினாலும் மூடியதையே வாங்கலாம். பேட்டரி அடியில் இருக்கும் மாடலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் சைட்டைக் கழற்ற வேண்டும், ஜீரோவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். பக்கத்திலோ மேலேயோ மூடி இருந்தால் அந்த வேலை மிச்சம்.

புள்ளி வால்முளைத்த நட்சத்திரம்போலத் தெரிந்தால் உடனே சைட்டைக் குறை சொல்லாதீர்கள். அதைக் கையில் வைத்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். வால் கூடவே சுழலாமல் அதே பக்கம் நின்றால் காரணம் கண்ணின் சிதறல் பார்வை (அஸ்டிக்மாட்டிசம்). வெளிச்சத்தைக் குறைத்தாலே பாதி சரியாகும். சிலருக்குப் பச்சைப் புள்ளி தெளிவாகத் தெரியும்.

பொருத்தும் வேலைக்கு வருவோம். மேகசினைக் கழற்றி, சேம்பர் (தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். ஸ்க்ரூவிலும் துளையிலும் எண்ணெய்ப் பிசுக்கு துளியும் இருக்கக் கூடாது. முதலில் எதுவும் தடவாமல் முடுக்கிப் பார்த்து நீளத்தைச் சரிபாருங்கள். குறைந்தது 4, 5 சுற்றாவது மரை பிடிக்க வேண்டும். நீளம் கூடினாலும் ஆபத்து: பல ஸ்லைடுகளில் ஒரு துளை எக்ஸ்ட்ராக்டர் பிளஞ்சர் (காலி ஷெல்லை இழுக்கும் கொக்கியை அழுத்திப் பிடிக்கும் தண்டு) ஓடும் வழியில் போய்த் திறக்கும். ஸ்க்ரூ முனை அங்கே அழுத்தினால் காலி ஷெல் சரியாக வெளியே வராது. பிறகு நீல நிற த்ரெட்லாக்கர் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சிறு துளி, மரையில் மட்டும். ஊற்றினால் அதே வழியில் கசிந்து பிளஞ்சரை ஒட்டிவிடும். இரண்டு ஸ்க்ரூவையும் மாறிமாறி, டார்க் டிரைவரால் (முடுக்கும் விசையை அளந்து முடுக்கும் திருப்புளி) கையேட்டில் சொன்ன அளவுக்கு முடுக்குங்கள். பெரும்பாலும் அது 12 முதல் 15 இன்ச் பவுண்டு, அதாவது சுமார் 1.4 முதல் 1.7 நியூட்டன் மீட்டர். கை பலத்தை நம்பினால் ஸ்க்ரூ தலை முறியும். கடைசியாக ஸ்க்ரூ தலையிலிருந்து சைட்டின் உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு. 24 மணி நேரம் தொடாதீர்கள்.

ஜீரோ செய்ய முதலில் 10 மீட்டர். கையை மணல் மூட்டையில் ஊன்றி, 5 ரவுண்டு சுட்டு, குரூப்பின் (குண்டுகள் விழுந்த கூட்டத்தின்) நடுவை மட்டும் கணக்கில் எடுங்கள். பல சைட்டில் திருத்தும் டயலின் ஒரு கிளிக் 1 எம்ஓஏ: 10 மீட்டரில் ஏறக்குறைய 3 மி.மீ., 25 மீட்டரில் 7 மி.மீ. குரூப் 3 செ.மீ. கீழும் 1.5 செ.மீ. இடப்பக்கமும் விழுந்தால் மேலே 10 கிளிக், வலப்பக்கம் 5 கிளிக். அம்புக்குறி பெரும்பாலும் குண்டு நகரும் திசையைக் காட்டும். அடுத்த 5 ரவுண்டு எதிர்ப்பக்கம் போனால் உங்கள் மாடலில் குறி தலைகீழ் என்று அர்த்தம். பிறகு 25 மீட்டரில் முடியுங்கள். அங்கே சரியாக இருப்பது 5 மீட்டரில் ஒன்றரை, இரண்டு செ.மீ. கீழே விழும். சைட் பேரலுக்கு மேலே இருப்பதால் வரும் வித்தியாசம் அது, திருத்த வேண்டாம்.

வலக்கைக்காரருக்குக் குரூப் இடப்பக்கம் கீழே போய்க்கொண்டே இருந்தால் டயலைத் தொடும் முன் ட்ரிக்கரைப் பாருங்கள். வெடுக்கென்று இழுப்பவரின் கைத்தவறை கிளிக்கில் திருத்தினால், மறுநாள் கை சரியாகும்போது ஜீரோ தப்பாக நிற்கும். நன்றாகச் சுடும் இன்னொருவரிடம் கொடுத்து 5 ரவுண்டு சுடச் சொன்னால் குற்றம் யாருடையது என்று தெரிந்துவிடும். அவருக்கும் குரூப் இடம் மாறி மாறி விழுந்தால் பெயின்ட் கோட்டைப் பாருங்கள். கோடு ஒடிந்திருந்தால் டயலைத் திருகாமல், சைட்டைக் கழற்றி முதலிலிருந்து பொருத்துங்கள்.