சிறுகோளுக்குப் பெயர் வைக்க அவசரப்படாதீர்கள்

சூரியனைச் சுற்றும் சின்னப் பாறைகளான சிறுகோள்களைத் தேடும் இணைய முகாம்களில் நம் சேலத்துப் பிள்ளைகள் சேருவது நல்ல விஷயம்தான். ஆனால் சான்றிதழ் வந்த மறுநாளே, "என்ன பேர் வைக்கப் போறே கண்ணு?" என்று சொந்தக்காரர்கள் ஆரம்பித்துவிடுகிறார்கள். முதலில் புள்ளி, பிறகு பாதை, அப்புறம் எண், கடைசியில்தான் பெயர். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதால்தான் பாதிக் குழப்பம்.

முதல் தவறு கணினித் திரையிலேயே நடந்துவிடும். இந்த முகாம்களில் பெரும்பாலும் ஹவாயிலுள்ள பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி சில நிமிட இடைவெளியில் எடுத்த நான்கு படங்களைத் தருவார்கள். அவற்றை மாற்றி மாற்றி ஓடவிட்டால் நட்சத்திரங்கள் அப்படியே நிற்கும், சிறுகோள் மட்டும் நகரும். அதற்காக நகர்வதெல்லாம் சிறுகோள் ஆகிவிடாது. கேமராவில் கெட்டுப்போன பிக்சலும், விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் பட்டு விழுந்த புள்ளியும் நன்றாகவே ஏமாற்றும். நான்கு படங்களிலும் ஒரே நேர்கோட்டில், சீரான வேகத்தில், ஏறக்குறைய ஒரே பிரகாசத்தோடு நகர்கிறதா என்று பாருங்கள். மூன்று படங்களில் ஒழுங்காக நகர்ந்துவிட்டு நான்காவதில் இடம் மாறிக் குதித்தால், ஆசையை அடக்கிக்கொண்டு விட்டுவிடுங்கள்.

அடுத்தது, ஓரிரு ராத்திரி பார்த்ததுமே சுற்றுப்பாதை தெரிந்துவிட்டதாக நினைப்பது. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோ நகரில் வானியலாளர் பியாஸி முதல் சிறுகோளான சீரிஸைக் கண்டார். ஒரு மாதத்துக்கு மேல் விடாமல் தொடர்ந்தார். அப்படியும் அது சூரிய வெளிச்சத்துக்குள் போய் மறைந்ததும், மறுபடி எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. 24 வயது ஜெர்மன் கணித மேதை காஸ் கணக்குப் போட்டு இடம் சொன்ன பிறகுதான், அந்த ஆண்டின் கடைசி நாளில் வானியலாளர் ஃபான் ஸாக் அதைத் திரும்பப் பிடித்தார். நாம் நிற்கும் பூமியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கொஞ்ச நாள் மட்டும் தெரியும் சின்ன வளைவுக்குப் பல நீள்வட்டங்கள் பொருந்தும். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவே சிறுகோள்கள் நிறைந்த முக்கியப் பட்டையில் உள்ளவை சூரியனை ஒருமுறை சுற்றவே சுமார் 3 முதல் 6 ஆண்டுகள் ஆகும். வெவ்வேறு ஆண்டுகளில் திரும்பத் திரும்பப் பார்த்துப் பாதை உறுதியானால்தான் நிரந்தர எண் கிடைக்கும்.

அதுவரை தற்காலிகக் குறியீடுதான். ஜவ்வாது மலையில், காவலூர் வானாய்வகத்தில் வானியலாளர் ராஜமோகன் 1988 பிப்ரவரி 17 அன்று கண்ட சிறுகோள் முதலில் '1988 டிக்யூ1' என்றே இருந்தது. இது ஏதோ கண்டபடி போட்ட எழுத்து இல்லை: 'டி' என்றால் பிப்ரவரியின் பின்பாதி, மீதி அந்த அரைமாதத்தில் எத்தனையாவது என்ற வரிசை. எண் 4130 ஆன பிறகுதான் அது 'ராமானுஜன்'.

சிறுகோளின் பெயரில் இருப்பவர்தான் அதைக் கண்டுபிடித்தவர் என்று நினைப்பவர்களும் உண்டு. 4538 விஷியானந்த் நம் செஸ் ஆனந்தின் பெயரைத் தாங்கியது. கண்டது 1988-இல் ஜப்பானில், கென்ஸோ சுசுகி. பெயர் வந்தது 2015-இல்!

எண் கிடைத்ததிலிருந்து 10 ஆண்டுகளுக்குப் பெயரை முன்மொழியும் உரிமை கண்டவருக்கு உண்டு. முடிவு சொல்வது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு. ஆங்கில எழுத்தில் 16-க்கு மேல் போகக்கூடாது, கடை கம்பெனிப் பெயர் ஆகாது. அரசியலால் பெயர் பெற்றவர் என்றால் இறந்து 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், கட்சிக்காரர்கள் மன்னிக்கவும். காசு வாங்கிக்கொண்டு விண்வெளியில் உங்கள் பெயர் வைப்பதாகச் சொல்லும் இணையதளங்களின் சான்றிதழ் வீட்டுச் சுவரில் மாட்ட மட்டுமே உதவும்.

அந்தக் காசுக்கு ஒரு பைனாகுலர் வாங்கி ஏற்காட்டுக்குப் போங்கள். சிறுகோள்களிலேயே பிரகாசமானது வெஸ்டா. சுமார் 17 மாதத்துக்கு ஒருமுறை சூரியனுக்கு நேரெதிரே வரும்போது நன்றாகத் தெரியும். கரடுமுரடான பாறையை எதிர்பார்த்துப் போகாதீர்கள், சாதாரண நட்சத்திரம் போலத்தான் இருக்கும். அது இருக்கும் இடத்து நட்சத்திரங்களைத் தாளில் வரைந்து, இரண்டு மூன்று நாள் கழித்து ஒப்பிட்டால்தான் எது வெஸ்டா என்று பிடிபடும். லேடிஸ் சீட் காட்சிமுனைப் பக்கம் மட்டும் வேண்டாம், கீழே சேலத்து விளக்கு வெளிச்சம் வானத்தையே வெளுத்துவிடும். ஊரின் வெளிச்சம் மலைமுகட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கும் இடமாக, நிலா இல்லாத இரவாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.