ஏர் கன் பயிற்சி: பெரியவர்கள் தொடக்கத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாற்பது வயதைக் கடந்த பிறகு புதிதாகத் தொடங்கி, உடலை வருத்தாமல் முன்னேறக்கூடிய விளையாட்டுகள் அதிகமில்லை. காற்று அல்லது வாயுவின் அழுத்தத்தால் குண்டைச் செலுத்தும் ஏர் கன்னைக் கொண்டு சுடுதல் அவற்றுள் ஒன்று. இதில் ஓட்டமோ குதிப்போ கிடையாது, வெடிமருந்தும் பேரோசையும் இல்லை. பத்து மீட்டர் தூரமும் உறுதியான பின்தடுப்பும் இருந்தால் பயிற்சியைத் தொடங்கிவிடலாம். விசையை அழுத்திய மறுகணமே அட்டையில் விழும் துளை, அந்த நொடியில் மூச்சும் கையும் கண்ணும் எப்படி இருந்தன என்பதை ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிடுகிறது. வேறு கவலையை மனத்தில் வைத்துக்கொண்டு ஒழுங்காகச் சுட முடியாது என்பதால், அரைமணி நேரப் பயிற்சிகூட நாள் முழுவதும் அலைந்த மனத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் வெள்ளிப் பதக்கம் வென்றபோது துருக்கி வீரர் யூசுஃப் டிகெச்சுக்கு வயது 51. ஆயினும் ஆசையோடு தொடங்குபவர்களில் பலர் சில மாதங்களிலேயே துப்பாக்கியை உறைக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். அதற்கு வயதைவிடவும் திறமைக் குறைவைவிடவும், தொடக்கத்தில் செய்யும் சில தவறுகளே பெரிதும் காரணம் என்பது என் உறுதியான கருத்து.

எல்லாவற்றுக்கும் முதலில் வருவது வேகத்தின் மீதான மயக்கம். பெட்டியின் மேல் வினாடிக்கு 1,200 அடி என்று அச்சிட்டிருந்தால் அதுவே சிறந்த துப்பாக்கி என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். அத்தகைய எண்கள் பெரும்பாலும் மிக இலேசான உலோகக் கலவைப் பெல்லட்டுகளை, அதாவது ஏர் கன்னில் இடும் சிறு குண்டுகளை, வைத்து அளந்தவை. வழக்கமான ஈயப் பெல்லட்டில் அந்த வேகம் வராது. வந்தாலும் நன்மையில்லை. ஒலியின் வேகமான வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டரை நெருங்கும்போது பெல்லட் நிலைதடுமாறி, துல்லியம் கெடுகிறது. ஒலிம்பிக் தரத்து ஏர் ரைபிள்கள் வினாடிக்குச் சுமார் 170 முதல் 180 மீட்டர் வேகத்தில்தான் சுடுகின்றன. அந்த வேகத்திலேயே, பத்து மீட்டர் தூரத்தில் 0.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள பத்துப் புள்ளிப் பொட்டைத் தொட முடிகிறது. மேலும், வலுவான ஸ்பிரிங் துப்பாக்கியை ஒவ்வொரு முறையும் மடக்கி இழுப்பதற்குத் தோள்வலிமை வேண்டும். இருபது முறை இழுத்த பிறகு கை நடுங்கத் தொடங்கினால், அதற்குப் பிறகு சுடுவது பயிற்சியாகாது. காகித இலக்கைச் சுட 7.5 ஜூல் ஆற்றல் தாராளமாகப் போதும்.

துப்பாக்கியின் வகையை அறியாமல் வாங்குவதும் இதோடு சேர்ந்ததே. கார்பன் டை ஆக்சைடு குப்பியால் இயங்கும் துப்பாக்கியில் வாயுவின் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். விரைவாக அடுத்தடுத்துச் சுட்டால் குப்பி குளிர்ந்து, பெல்லட் தாழ்ந்து விழும். முன்கூட்டியே காற்று நிரப்பும் பிசிபி வகையில் அதிர்வு மிகக் குறைவு, ஆனால் 200 முதல் 300 பார் வரையிலான அழுத்தத்தைக் கையாளும் பொறுப்பு சேர்ந்து வருகிறது. அதில் ஈரமில்லாத தூய காற்றை மட்டுமே நிரப்ப வேண்டும். ஆக்சிஜனை நிரப்பினால் வெடித்து உயிரையே பறிக்கும். பராமரிப்புத் தொல்லை வேண்டாம் என்பவர்களுக்கு, ஒவ்வொரு சுடுதலுக்கும் நெம்புகோலை ஒருமுறை இழுத்துக் காற்றை அழுத்தும் வகையே என் பார்வையில் நல்ல தேர்வு. ஸ்பிரிங் துப்பாக்கி எளிதாகக் கிடைக்கிறது, ஆனால் அதைப் பிடிக்கும் முறையைத் தனியாகக் கற்க வேண்டும்.

அந்தப் பிடியில்தான் மிகப் பலர் மனம் சோர்ந்துபோகிறார்கள். விசையை அழுத்தியதும், ஸ்பிரிங் தள்ளும் கனமான பிஸ்டன் காற்றை அழுத்தியபடி முன்னோக்கிப் பாய்கிறது, அதன் எதிர்விளைவாகத் துப்பாக்கி பின்னோக்கி நகர்கிறது. அடுத்த கணமே பிஸ்டன் அழுத்தக் கூடத்தின் முனையில் நின்று துப்பாக்கியை முன்னோக்கி உதைக்கிறது. இவ்வளவும் பெல்லட் குழலை விட்டு வெளியேறுவதற்குள் நிகழத் தொடங்கிவிடுகின்றன. எனவே துப்பாக்கியை இறுக்கிப் பிடிப்பவரின் கை, அந்த அசைவை ஒவ்வொரு முறையும் வெவ்வேறு விதமாகத் தடுக்கிறது. ஒரு பெல்லட் மேலே போகிறது, அடுத்தது வலப்பக்கம் விலகுகிறது, சுடுபவரோ துப்பாக்கி சரியில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார். செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. முன்கட்டையை விரித்த உள்ளங்கையின் மீது, விரல்கள் வளைந்து பற்றாதவாறு படுக்கவைத்து, தோளில் இலேசாகச் சாய்த்து, துப்பாக்கி தன் போக்கில் அசைவதற்கு இடம் கொடுக்க வேண்டும். கை வைக்கும் இடம் ஒரு விரலளவு முன்பின்னாக மாறினால்கூட பெல்லட்டுகள் விழும் இடம் மாறும். அந்த இடத்தில் ஒரு சிறு நாடாத் துண்டை ஒட்டிக் குறித்துக்கொள்வது பெரிதும் உதவும். மேசையின் கடினமான பரப்பில் துப்பாக்கியை நேரடியாக வைத்துச் சுடுவது நிலையாக இருப்பதுபோல் தோன்றினாலும், ஸ்பிரிங் துப்பாக்கியில் அதுவே குறியைக் கலைத்துவிடும்.

அதே முன்பின் உதை, குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் பொருத்தும் தொலைநோக்கியான ஸ்கோப்புகளில் சாதாரணமானவற்றையும் பாழாக்கும். பின்னோக்கிய உதையை மட்டும் தாங்கும்படி செய்யப்பட்ட ஸ்கோப், ஸ்பிரிங் துப்பாக்கியில் உள்ளே தளர்ந்துபோவதுண்டு. பத்து மீட்டருக்குக் குவியத்தைச் சரிசெய்யும் வசதி இல்லாத ஸ்கோப்பும் பயன்படாது. இலக்கு மங்கலாகத் தெரிவதோடு, கண் சற்று நகர்ந்தாலே குறியும் நகரும்.

ஸ்பிரிங் துப்பாக்கியைப் பெல்லட் இல்லாமல் சுட்டுப்பார்ப்பதும் கேடு. முன்னால் பெல்லட் இருந்தால்தான் பிஸ்டனுக்கு முன் காற்று ஒரு மெத்தையாக நிற்கும். இல்லாவிட்டால் பிஸ்டன் நேராக உலோகத்தில் மோதி, காற்று கசியாமல் அடைக்கும் சீலும் ஸ்பிரிங்கும் பழுதாகும். அதிகமாக எண்ணெய் இடுவதும் நல்லதல்ல, ஏனெனில் அழுத்தக் கூடத்தில் தேங்கும் எண்ணெய் அழுத்தத்தின் வெப்பத்தில் எரிந்து, புகையும் சத்தமுமாக வெடிக்கிறது.

பெல்லட்டைப் பொறுத்தவரை, கிடைத்த ஒரு டப்பாவைக் கொண்டே துப்பாக்கியின் தரத்தை முடிவுசெய்வது பெரும்பாலோர் செய்யும் பிழை. ஒரே தொழிற்சாலையில் அடுத்தடுத்துச் செய்யப்பட்ட இரண்டு குழல்கள்கூட வெவ்வேறு பெல்லட்டை விரும்பலாம். 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டின் தலை விட்டமே 4.49, 4.50, 4.51 எனச் சிறு வேறுபாடுகளோடு விற்கப்படுவது அதனால்தான். மூன்று நான்கு வகைகளைச் சிறிய அளவில் வாங்கி, ஒவ்வொன்றிலும் முதலில் சில குண்டுகளைக் குழல் பழகுவதற்காகச் சுட்டுவிட்டு, பிறகு ஐந்து ஐந்தாகச் சுட்டு, எது மிக நெருக்கமாக விழுகிறது என்று பார்க்க வேண்டும். காகித இலக்குக்குத் தட்டைத் தலை கொண்டவையே ஏற்றவை. அவை அட்டையில் வட்டமான, ஓரம் பிசிறாத துளையை வெட்டுவதால் புள்ளியைக் கணக்கிடுவது எளிது. டப்பாவிலிருந்து எடுக்கும் பெல்லட்டை ஒருமுறை விரலில் உருட்டிப் பாருங்கள். பாவாடைபோல் விரிந்த பின்பக்க ஓரம் ஓரிடத்தில் நசுங்கியிருந்தால், நீங்கள் எவ்வளவு அசையாமல் நின்றாலும் அது நேராகப் போகாது.

குறிபார்க்கும் பாகமான சைட்டை ஒவ்வொரு குண்டுக்கும் திருகுவது இன்னொரு பழக்கம். ஒரு துளை இடப்பக்கம் விழுந்தது என்று வலப்பக்கம் திருப்பி, அடுத்தது வலப்பக்கம் போனதும் மீண்டும் இடப்பக்கம் திருப்புபவர், தம் கையின் தடுமாற்றத்தைத் துரத்திக்கொண்டே இருக்கிறார். ஐந்து குண்டுகளாவது ஒரே முறையில் சுட்டு, அவை சேர்ந்து விழுந்த கூட்டத்தின் நடுவைப் பார்த்த பிறகே சைட்டில் கைவைக்க வேண்டும். கூட்டம் சிறிதாக இருந்து நடுவிலிருந்து விலகியிருந்தால் சைட்டைத் திருத்தலாம். துளைகள் பரந்து சிதறியிருந்தால் திருத்த வேண்டியது பிடியையும் விசை அழுத்தத்தையும்தான்.

பெரியவர்களுக்கே உரிய ஒரு சிக்கலைப் பலர் கவனிப்பதில்லை. ஏறத்தாழ நாற்பது வயதுக்குப் பிறகு அருகிலுள்ளவற்றில் கண் குவிவது கடினமாகிறது. லென்ஸ் இல்லாத திறந்த சைட்டில் சுடும்போது, குறிப்பாகப் பிஸ்டலில், பார்வை குழலின் முனையிலுள்ள முன் சைட்டின் மீது கூர்மையாக நிற்க வேண்டும், இலக்கு சற்று மங்கலாகத் தெரிவதே சரி. ஆனால் கண் இயல்பாக இலக்கையே நாடும். முன் சைட் மங்கியதும் அதன் இம்மியளவுச் சாய்வு தெரியாமல்போய், அட்டையில் அது சென்டிமீட்டர் கணக்கில் விலகலாகிவிடும். படிப்பதற்கான கண்ணாடி இதற்கு உதவாது, ஏனெனில் முன் சைட் புத்தகத்தைவிடத் தொலைவில் இருக்கிறது. கண் பரிசோதகரிடம் கண்ணிலிருந்து முன் சைட்டுக்கு உள்ள தூரத்தை அளந்து சொன்னால், அதற்கேற்ற லென்ஸைத் தருவார். தொலைப்பார்வை அளவோடு அரை அல்லது முக்கால் டையாப்டர் (லென்ஸின் திறனை அளக்கும் அலகு) கூட்டுவது வழக்கம். குறிபார்க்காத கண்ணை இறுக மூடுவதும் தவறு, அது முகத் தசைகளை இழுத்து மறு கண்ணையும் சோர்வாக்கும். அதன் முன் ஒளி ஊடுருவும் சிறு மறைப்பு போதும். டிகெச் அத்தகைய மறைப்போ தனி லென்ஸோ இல்லாமல் சுட்டது உண்மை. பாரிஸில் அவர் அப்படிச் சுட்டபோது எடுத்துப் பரவலான புகைப்படத்தைப் பார்த்து, எந்த ஏற்பாடும் தேவையில்லை என்று எண்ணிவிடக் கூடாது. அவர் 2008 முதல் தொடர்ந்து ஒலிம்பிக்கில் பங்கேற்றுவந்தவர், கால்சட்டைப் பையில் மறுகையைச் செருகி நிற்பதும் உடலை நிலைப்படுத்த பிஸ்டல் வீரர்கள் வழக்கமாகக் கையாளும் முறை.

குறி சரியான இடத்துக்கு வரும்வரை காத்திருந்து, வந்த கணத்தில் விசையைச் சட்டென்று இழுப்பது கிட்டத்தட்ட எல்லாரும் செய்வது. கை முற்றிலும் அசையாமல் நிற்பது எவருக்கும் வாய்க்காது என்பதை ஏற்றுக்கொண்டு, குறி மெல்ல ஆடிக்கொண்டிருக்கும்போதே விசையின் அழுத்தத்தைச் சீராகக் கூட்டிச் செல்ல வேண்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்திய பிறகு எட்டு, பத்து நொடிகளுக்குள் குண்டு புறப்படவில்லையென்றால், துப்பாக்கியைக் கீழே இறக்கிவிட வேண்டும். அதற்கு மேல் கண்ணும் கையும் தளரும். இறக்கிவைக்கத் தயங்குவதால் வீணாகும் குண்டுகளே அதிகம். குண்டு போன பிறகும் ஓரிரு நொடி அதே நிலையில் நின்று சைட்டைப் பார்த்தால், அடித்த இடத்தை அட்டையைப் பார்க்காமலே சொல்ல முடியும்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது, ஏர் கன்னை விளையாட்டுப் பொருளாகக் கருதுவது. எல்லாத் துப்பாக்கியும் குண்டு நிரம்பியது என்றே கொள்ள வேண்டும், குழலை மனிதர் பக்கம் ஒருபோதும் திருப்பக் கூடாது, சுடும் எண்ணம் வரும்வரை விரல் விசையைத் தொடக் கூடாது. கண்பாதுகாப்புக் கண்ணாடி சுடுபவருக்கும் அருகில் நிற்பவருக்கும் கட்டாயம். சில ஏர் கன்களில் பெல்லட்டுக்குப் பதிலாக இடும் எஃகு உருண்டைகள் கடினப் பரப்பில் பட்டால் சுட்டவரை நோக்கியே திரும்பிப் பாயக்கூடும் என்பதால், உலோகத் தடுப்பின் முன் அவற்றைச் சுடவே கூடாது. குழலை மடக்கிக் குண்டு போடும் துப்பாக்கியில், குண்டைச் செருகி முடிக்கும்வரை குழலை மறுகையால் உறுதியாகப் பிடித்திருக்க வேண்டும். தவறி விசை விடுபட்டால் குழல் வீசி எழுந்து விரலை நசுக்கும். பெல்லட்டுகள் ஈயத்தால் ஆனவை, எனவே சுடுமிடத்தில் உண்ணாமலும், முடிந்ததும் சோப்பிட்டுக் கைகழுவியும் பழக வேண்டும். துப்பாக்கி உரிமம் இல்லாமல் வைத்திருக்கக்கூடிய ஏர் கன்னின் ஆற்றல் வரம்பு நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: ஜெர்மனியில் 7.5 ஜூல், பிரிட்டனில் பெரும்பகுதியில் ரைபிளுக்கு ஏறத்தாழ 16.3 ஜூல். எனவே தம் நாட்டின் விதியைப் படித்த பிறகே வாங்க வேண்டும்.

ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் சுடுவதால் முன்னேற்றம் வருவதில்லை. சோர்ந்த கை தவறான அசைவையே மனப்பாடம் செய்துகொள்கிறது. முப்பது, நாற்பது குண்டுகளை நிதானமாகச் சுட்டு, ஒவ்வொன்றும் எங்கே போகும் என்று நினைத்தீர்கள், எங்கே விழுந்தது என்பதைக் குறித்துவைப்பது கூடுதல் பயன் தரும். புள்ளிகளின் மேல் கவலை அதிகமாகும் நாள்களில் அட்டையைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் சுடலாம். அங்கே குறிபார்க்க வட்டமே இருக்காது என்பதால் கண் தானாக முன் சைட்டுக்கு வந்துவிடும், விசையை அழுத்தும் விரலைக் கவனிக்கவும் மனத்துக்கு இடம் கிடைக்கும். பத்து மீட்டர் வீரர்களும் தொடர்ந்து செய்யும் பயிற்சி இது.